ஒரு ரூபாய்க் கனம்

அந்த லிவர் ஆடுவது எனக்குப் பிடிக்கவே இல்லை. சித்தப்பா வண்டியை வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டுச் சாப்பிட உள்ளே போனதும் நான் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவேன். கால் எட்டாது. கை மட்டும் எட்டிப் பிடிக்கும். இடது கைப்பக்கம் இருக்கும் கிளட்ச் லிவரைச் சுண்டுவிரலால் தட்டினால் டக் டக்கென்று ஆடும். பிடித்து இழுத்தால் கொஞ்ச தூரம் சும்மா வரும், கையில் ஒன்றும் தெரியாது. அப்புறம்தான் கனம் ஏறும். தினமும் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிற வண்டியில் இது ஒன்று மட்டும் விழப்போகிற பல் மாதிரி கொளகொளவென்று இருந்தது. எனக்கு 11 வயது. பல் ஆடினால் பிடுங்க வேண்டும், ஆணி ஆடினால் அடிக்க வேண்டும், நட்டு ஆடினால் முறுக்க வேண்டும். அதுவரைக்கும்தான் என் எந்திர அறிவு.

1988 மே மாதம் அது. முழுப்பரீட்சை லீவு. போடிநாயக்கனூரில் சித்தப்பா ஏலக்காய்க் கமிஷன் கடை ஒன்றில் வேலை பார்த்தார். எங்கள் ஊரில் 'காய்' என்றால் ஏலக்காய்தான். தேங்காய்க்கும் கத்தரிக்காய்க்கும்தான் முழுப்பெயர் சொல்ல வேண்டும். போடிமெட்டைத் தாண்டி கேரளப் பக்கம் பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலை என்று தோட்டம் தோட்டமாகப் போய், காய் பார்த்து, விலை பேசி, சாம்பிளைத் துணிப்பையில் முடிந்து எடுத்து வருவது அவர் பிழைப்பு. வண்டி வாங்குவதற்கு முன்பு விடிகாலையில் தோட்ட வேலைக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் தொற்றிக்கொண்டு போவார். அந்த ஜீப்புகளை இன்றைக்கும் பார்க்கலாம். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணி முடிப்பதற்குள் அது கண்ணை விட்டு மறைந்துவிடும்.

வண்டி யமஹா ஆர்எக்ஸ் 100. 1985-ல் வந்து, மூன்றே வருஷத்தில் இளவட்டங்களைக் கிறுக்காக்கி வைத்திருந்த வண்டி. 98 சிசி, 11 குதிரைத் திறன். இன்றைக்குச் சொன்னால் பையன்கள் சிரிப்பார்கள். புல்லட்டின் நிதானத்துக்கும் ராஜ்தூத்தின் முனகலுக்கும் பழகியிருந்த தெருவில் அது சீறிக்கொண்டு திரும்பினபோது அப்பத்தா வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு, "இது என்னடா, தேள் கொட்டுன மாதிரி ஓடுது" என்றாள். சித்தப்பா வாங்கியது செகண்ட் ஹேண்டு. இரண்டு வருஷம் ஓடிய வண்டி. இந்த விவரம் எதற்கு என்று பின்னால் தெரியும்.

லிவருக்கு அடியில், கேபிள் உள்ளே நுழைகிற இடத்தில், விளிம்பெல்லாம் வரிவரியாக வெட்டிய இரண்டு சின்ன வளையங்கள் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருக்கும். ஒன்று அட்ஜஸ்டர், மற்றது அதைப் பூட்டி வைக்கிற வளையம். ஸ்பேனர் வேண்டாம், வெறும் விரலே போதும். சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்து வைத்தது போல. பூட்டு வளையத்தைத் தளர்த்திவிட்டு அட்ஜஸ்டரை ஒரு சுற்று வெளியே திருகினேன். லிவரின் ஆட்டம் குறைந்தது. இன்னொரு சுற்று. இன்னும் குறைந்தது. நாலாவது சுற்றோ ஐந்தாவதோ, லிவர் அசையாமல் நின்றது. தட்டினால் டக் டக் இல்லை. இழுத்தால் முதல் நூலிலேயே கனம். பூட்டு வளையத்தை இறுக்கிவிட்டு இறங்கினேன். சித்தப்பா கண்டுபிடித்து, "எவன்டா சரி பண்ணது?" என்று கேட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்தவர் வண்டியைத் தொடாமல் திண்ணையில் படுத்துவிட்டார்.

மறுநாள் காலை 6 மணிக்குக் கிளம்பிப் போனார். வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில், தெருமுனையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவர் அப்பத்தாவிடம் சொன்னதை வைத்து, நடந்ததை நான் பலமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். முந்தல் வரைக்கும் ஒன்றுமில்லை. முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டினால் மலை. போடிமெட்டு வரைக்கும் 17 கொண்டை ஊசி வளைவுகள். சமதரையில் வண்டிக்குப் பெரிய பாரம் தெரியாது; ஏற்றத்தில்தான் என்ஜின் கொடுக்கிற அத்தனை இழுவையையும் கிளட்ச் தாங்கிச் சக்கரத்துக்கு அனுப்ப வேண்டும். ஒரு வளைவில் திரும்பி ஆக்சிலேட்டரை முறுக்கினார். சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை. கியரைக் குறைத்தார். ஒரு நிமிஷம் இழுத்தது, மறுபடி அதே கூப்பாடு. "வண்டி கத்துது ஆத்தா, நகர மாட்டேங்குது. வளைவுல ஹேண்டில ஒடிச்சா இன்னும் மோசம்." புலியூத்துக்கு முன்னாலேயே புகை மாதிரி ஒரு வாடை. நின்று பார்த்தால் என்ஜினில் கை வைக்க முடியவில்லை. மேலிருந்து இறங்கிய ஜீப்காரர் ஒருவர் நிறுத்தி மூக்கைச் சுளித்துவிட்டு, "கிளட்ச் கருகிருச்சுண்ணே. நியூட்ரல்ல விட்டு அப்படியே எறங்கிருங்க" என்று சொல்லிப் போனாராம். பிரேக்கை மிதித்து மிதித்து முந்தல் வரை இறங்கி, அங்கிருந்து கொஞ்சம் ஓட்டி, கொஞ்சம் தள்ளி, வீடு.

அன்றைக்குச் சாயங்காலம் பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது பின்னாலிருந்து தள்ளுகிற வேலை எனக்கு.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மலைப்பக்கம் போகிற ரோட்டில் ஒரு புளியமரமும் தகரக் கொட்டகையும்தான் பட்டறை. தரை முழுக்க ஆயில் ஊறி ஊறி, மண்ணே கறுப்புத் தோல் மாதிரி ஆகியிருக்கும். வெறுங்காலோடு நடந்தால் குளிர்ச்சியாக இருக்கும். பட்டறைக்காரரைச் சித்தப்பா 'மாப்ள' என்பார். ஆகவே எனக்கு மாமா. ஒல்லியான ஆள், முழங்கை வரை கறுப்பு, அதற்கு மேல் மாநிறம். பேச்சு குறைவு. பேசினாலும் பாதி வண்டியைப் பார்த்துத்தான் பேசுவார்.

அவர் எதையும் கழற்றவில்லை. கிளட்ச் லிவரை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. குனிந்து அட்ஜஸ்டரைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் அதை ஒரு தடவை தடவினார்.

"மாப்ள, இதுல யாரும் கைய வச்சாகளா?"

"யாரு வைப்பா? நம்ம வண்டிய நம்மதானே தொடுறோம்."

மாமா பதில் சொல்லவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ஒரு விநாடிதான். பிறகு மறுபடி அட்ஜஸ்டர்.

அவர் பார்த்தது என்ன என்று அப்போது புரியவில்லை. பிறகு அவரே காட்டினார். அட்ஜஸ்டரின் மரை வெளியே தெரிகிற பகுதி எப்போதும் தூசியும் எண்ணெயும் படிந்து கறுத்திருக்கும். உள்ளே மறைந்திருக்கிற மரையில் தூசி ஏறாது. யாராவது அதை வெளியே திருகினால், கறுத்த மரைக்குக் கீழே நாலைந்து சுற்று வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். போட்டோ பிடித்து வைத்த மாதிரி. எத்தனை சுற்று திருகினான், எவ்வளவு புதுசாகத் திருகினான் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். வளையத்தின் வரிவெட்டில் இருந்த அழுக்கும் சின்னதாக, ஒரு பிஞ்சு விரல் அகலத்துக்கு, துடைபட்டிருந்தது.

கிக்கரைக் கழற்றி, ஆயிலை வடித்தார். கறுப்பாக, கருகிய வாடையோடு வந்தது. வலதுபக்கத்து மூடியைத் திறந்தால் உள்ளே பாத்திரம் மாதிரி ஒரு கூடு. அதற்குள் தட்டுகள் தோசை அடுக்கினது போல. ஒன்று நார் ஒட்டின தட்டு, அடுத்தது வெறும் இரும்புத் தட்டு, மறுபடி நார், மறுபடி இரும்பு. மாமா ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய செய்தித்தாளில் வைத்தார். நார்த்தட்டுகள் கண்ணாடி போல வழுவழுத்து, ஓரம் பொரிந்திருந்தன. இரும்புத் தட்டுகளில் மயில் கழுத்து நிறம் ஏறியிருந்தது. நீலமும் ஊதாவும் கலந்து, வெளிச்சத்தில் திருப்பினால் மாறும். என் கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்தது. "சூடு" என்றார் மாமா, ஒரே வார்த்தையில்.

எல்லாத் தட்டும் மாற்ற வேண்டும். சித்தப்பா பர்ஸைத் திறந்து எண்ணியதையும், மறுபடி முதலிலிருந்து எண்ணியதையும் பார்த்தேன். மதுரையிலிருந்து தட்டு வரவழைக்க வேண்டும், நாலு நாள் ஆகும். சித்தப்பா மறுபடி ஜீப்பில் போக வேண்டியதுதான். அவர் டீ சொல்லப் போன நேரத்தில் மாமா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "நாளைக் காலைல வா. பாகம் கழுவ ஆளு வேணும்."

அவ்வளவுதான் தீர்ப்பு. சித்தப்பாவிடம் அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

வீட்டில், "லீவுல சுத்தாம தொழில் கத்துக்கட்டும்" என்று சந்தோஷமாக அனுப்பினார்கள். நாலு நாளும் காலை முதல் வெளிச்சம் போகும் வரை தகர டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய பிரஷ்ஷால் செயினும் ஸ்பிராக்கெட்டும் நட்டும் போல்ட்டும் கழுவினேன். மண்ணெண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனி சுருங்கி வெளுத்தது. சோற்றில் கை வைத்தால் சோறே மண்ணெண்ணெய். அப்பத்தா சீயக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

ஆனால் பட்டறையில் உட்கார்ந்திருப்பது பள்ளிக்கூடத்தைவிட எவ்வளவோ மேல். திருவொற்றியூரில் செய்து வருகிற புல்லட் ஒன்று அங்கே எப்போதும் நிற்கும். அதில் கியர் வலதுகால், பிரேக் இடதுகால். ஆர்எக்ஸ் ஓட்டிப் பழகியவர் அதில் ஏறினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பார். மைசூரில் செய்த யெஸ்டி வந்தால் எனக்குக் கொண்டாட்டம். அதில் கியர் மாற்றுகிற லிவரையே மடக்கிக் கிக்கராக உதைக்கலாம். அதைவிட அதிசயம், கியர் லிவரைக் காலால் அழுத்தும்போதே அது உள்ளுக்குள் கிளட்ச்சையும் விலக்கிவிடும். கை லிவரைத் தொடாமலே கியர் மாற்றலாம். "ஒயர் அந்து போனாலும் யெஸ்டி வீடு வந்து சேரும்" என்பார் மாமா. அவர் ஒரு வண்டியைப் பற்றிப் புகழ்ந்து பேசிக் கேட்டது அது ஒன்றுதான். யெஸ்டியின் கிளட்ச்சைச் சரிசெய்ய உட்கார்ந்தால் மட்டும் வாய்க்குள் ஏதோ திட்டிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது நாள் மத்தியானம், கடலை தின்றுகொண்டிருந்தபோது, நான் கேட்காமலே மாமா சொன்னார்: "ரெண்டு கையையும் சேத்துக் கும்பிடு."

கும்பிட்டேன்.

"நல்லா அழுத்து. இப்ப வலது கைய மேல இழு." வலது கையை இழுத்தால் இடது கையும் கூடவே வந்தது. "இதான் கிளட்ச் பிடிச்சிருக்கிறது. ஒரு கை என்ஜின், ஒரு கை சக்கரம். அழுத்தறது ஸ்பிரிங்கு." பிறகு தன் சுண்டுவிரலை என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் லேசாக நுழைத்தார். "இப்ப இழு." வலது கை வழுக்கிக்கொண்டு போனது. பத்துத் தடவை அப்படித் தேய்க்கச் சொன்னார். உள்ளங்கை சுட்டது.

"லிவர இழுத்தா, ஒயரு ஒரு கம்பியத் தள்ளும். அந்தக் கம்பி ஸ்பிரிங்க எதுத்து நின்னு தட்ட வெலக்கும். லிவர விட்டா கம்பி முழுசா பின்னாடி வந்துரணும். முழுசா வரலேன்னா, எந்நேரமும் ஒருத்தன் உள்ள விரல விட்டுக்கிட்டு இருக்கான்னு அர்த்தம்." கடலைத் தொலியை ஊதித் தள்ளினார். "அவன் வெளியதான் இருக்கான்னு எப்படித் தெரியும்? லிவர் ஆடணும். ஆடுனாத்தான் தெரியும்."

நான் டின்னுக்குள் பார்த்துக்கொண்டு செயினைத் தேய்த்தேன்.

அன்றைக்கு இன்னொன்றும் சொன்னார். ஓட்ட ஓட்ட ஒயர் இழுபட்டு நீளும், அதனால் லிவரில் பிளே, அதாவது அந்த ஆட்டம், கூடும், ஆகவே அவ்வப்போது இறுக்க வேண்டும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது பாதி நிஜம். தட்டுகள் தேயத் தேய உள்ளே நடப்பது தலைகீழ். நார் தேய்ந்து அடுக்கு மெலிய மெலிய, அதை அழுத்துகிற மூடித்தட்டு இன்னும் உள்ளே போய் உட்கார்கிறது. உள்ளே போனால் அந்தக் கம்பியின் முனைக்குக் கிட்டே வருகிறது. அதாவது யாரும் கை வைக்காமலே பிளே குறைந்துகொண்டு வரும். ஒரு நாள் பூஜ்யமாகிவிடும். அன்றிலிருந்து வழுக்கல், வழுக்கலால் சூடு, சூட்டால் இன்னும் தேய்மானம், தேய்மானத்தால் இன்னும் வழுக்கல். செகண்ட் ஹேண்டு வண்டியில் தட்டு ஏற்கெனவே பாதி தேய்ந்திருந்தது. அதில் நான் நாலைந்து சுற்று சேர்த்து முறுக்கிவிட்டேன். மலை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

இது எத்தனை மெக்கானிக்குகளுக்கு இன்றும் உறைக்கவில்லை என்பதை நினைத்தால் எரிச்சல் வருகிறது. "கிளட்ச் லூசா இருக்குண்ணே" என்று போய் நின்றால் முதல் வேலையாக அட்ஜஸ்டரில் கை வைத்து முறுக்கி, வீணைத் தந்தி மாதிரி ஆக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வாடிக்கையாளருக்கும் திருப்தி. இரண்டு மாதத்தில் கிளட்ச் பிளேட். பிளே அளவுக்கு மேல் கூடினாலும் கெடுதல்தான், இல்லையென்று சொல்லவில்லை. லிவரை முழுக்க இழுத்தும் தட்டுகள் முழுசாக விலகாது. கியர் 'கடக்'கென்று அடிக்கும், சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் கிடைக்காது, கிளட்ச் பிடித்திருந்தும் வண்டி முன்னே நகரப் பார்க்கும். அதெல்லாம் கத்திச் சொல்லிவிடும் நோய். வழுக்கல் அப்படி இல்லை. டவுனுக்குள் சமதரையில் ஓட்டுகிறவருக்கு மாசக்கணக்கில் தெரியாது. மைலேஜ் குறைகிறது என்று கார்புரேட்டரை நோண்டிக்கொண்டிருப்பார்.

மூன்றாவது நாள் புதுத் தட்டுகள் வந்தன. உடனே போட்டுவிடுவார் என்று நினைத்தேன். மாமா அவற்றை ஒரு தட்டத்தில் அடுக்கி, மூழ்கும்படி ஆயில் ஊற்றி மூடிவைத்தார். "ராத்திரி பூரா ஊறணும். காஞ்ச தட்டப் போட்டா மொத ஓட்டத்துலயே கருகிரும்." உளுந்து ஊறப்போடுவதற்கு அப்பத்தா காட்டுகிற அதே சிரத்தை.

அன்றைக்குச் சாயங்காலம் என்னிடம் கொடுத்த வேலைதான் நான் அந்த நாலு நாளில் செய்த ஒரே நல்ல வேலை. ஆர்எக்ஸின் கிளட்ச் கேபிளைக் கழற்றிக் கையில் தந்தார். மேல் முனையில் உருண்டையாக ஈயத்தால் பற்றவைத்த நிப்பிள். அதன் கழுத்தில் இரண்டு மூன்று இழை பிரிந்து மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒயருக்கு ஆயுசு முடிந்தது, என்றைக்கு வேண்டுமானாலும் அந்துவிடும் என்று காட்டினார். இதில் பிரியவில்லை. ஒரு பாலிதீன் பையின் மூலையைக் கத்தரித்து, அதற்குள் கேபிளின் மேல் முனையை நுழைத்து, தையல் நூலால் இறுக்கிச் சுற்றி, புனல் மாதிரி ஆக்கினேன். புளியமரத்து ஆணியில் தொங்கவிட்டு, பைக்குள் ஆயிலை ஊற்றினேன். கீழ் முனைக்கு நேராகத் தரையில் ஒரு செய்தித்தாள்.

"எப்ப வடியும் மாமா?"

"வடியறப்ப வடியும்."

அன்று இருட்டும் வரை ஒரு சொட்டுகூட வரவில்லை. மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். செய்தித்தாளின் நடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கறை. சுற்றிலும் துரு நிறம், நடுவில் சுத்தமான தேன் நிறம். முதலில் துருவும் தூசியும் வந்து, கடைசியில் வெறும் ஆயில் வந்திருக்கிறது. ஒயரை இழுத்துப் பார்த்தேன். வெண்ணெயில் நூல் ஓடுவது போல ஓடியது.

ஊறிய தட்டுகளைக் கூட்டுக்குள் அடுக்கியானதும், கேபிளைப் பூட்டுகிற முறையை மாமா அன்று வேண்டுமென்றே மெதுவாகச் செய்தார் என்று இப்போது தோன்றுகிறது. முதலில் உள்ளே, கிளட்ச்சின் நடுவில் இருக்கும் திருகை ஸ்க்ரூ டிரைவரால் சரிபார்த்து நட்டைப் பூட்டினார். அதைச் சரிசெய்யாமல் கேபிளில் கை வைப்பது, அஸ்திவாரத்தை விட்டுவிட்டுக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பது. மூடியைப் போட்டு, புது ஆயில் ஊற்றினார். பிறகு கைப்பக்கத்து அட்ஜஸ்டரை முழுக்க உள்ளே திருகி, ஒரு சுற்று மட்டும் வெளியே விட்டார். கேபிளைக் கீழே என்ஜின் பக்கம் மாட்டினார். உறைக்கு எங்கேயும் மடிப்பு இல்லாமல், டேங்குக்கு அடியில் நசுங்காமல் வருகிறதா என்று விரலாலேயே தடவிக்கொண்டு போனார். லிவரின் ஓட்டையில் நிப்பிளை வைப்பதற்கு முன் அங்கே ஒரு பொட்டு கிரீஸ். நிப்பிள் லிவரோடு சேர்ந்து சுழலாவிட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒயரின் கழுத்து மடங்கும், அந்துபோவது அதனால்தான்.

"வா, நீ பண்ணு."

என் விரல் நடுங்கியது. மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். அப்போதைய பெரிய ஒரு ரூபாய், கையில் வைத்தால் கனம் தெரியும். லிவரை லேசாக இழுத்தால், அது பிடிமானத்தோடு சேருகிற அடிப்பக்கத்தில் ஒரு சின்ன இடுக்கு திறக்கும். அந்த இடுக்கில் நாணயத்தைக் குறுக்கே நுழைத்தார்.

"ஒயரு இறுகுற எடத்துல இது சும்மா நுழைஞ்சு சும்மா வரணும். ஆடவும் கூடாது, சிக்கவும் கூடாது."

புத்தகக் கணக்கில் அது அடிப்பக்கத்தில் 2 முதல் 3 மி.மீ. சில கம்பெனிக் கையேடுகள் லிவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. என்று போட்டிருக்கும், அளக்கிற இடம்தான் வேறு. மாமா எந்தக் கையேட்டையும் படித்திருக்க மாட்டார். நான் வளையத்தைத் திருகினேன். நாணயம் சிக்கியது. அரைச் சுற்று உள்ளே. தொளதொளத்தது. கால் சுற்று வெளியே. நாணயம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. பூட்டு வளையத்தை இறுக்கும்போது அட்ஜஸ்டரும் கூடவே சுழன்று அளவு மாறிவிடும். மூன்று தடவை அப்படி ஆனது. நாலாவது தடவை ஒரு கையால் அட்ஜஸ்டரை அசையாமல் பிடித்துக்கொண்டு மறு கையால் பூட்டினேன். இரண்டு வளையத்திலும் கேபிளை நுழைக்க ஒரு வெட்டு உண்டு; அந்த வெட்டு வானத்தைப் பார்த்திருந்தால் மழைத் தண்ணீர் நேராக ஒயருக்குள் இறங்கும். கீழ்ப்பக்கம் திருப்பிவைக்கச் சொன்னார்.

அப்புறம் ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்க ஒடித்து நாணயத்தை விட்டுப் பார்த்தார். வலதுபக்கம் ஒடித்தும் பார்த்தார். எங்கே ஒடித்தாலும் பிளே மாறக் கூடாது. சித்தப்பா வளைவில் ஒடித்தபோதெல்லாம் வண்டி இன்னும் அதிகமாகக் கத்தியதன் காரணம் எனக்கு அங்கேதான் விளங்கியது. இழுத்துக் கட்டிய ஒயரை ஹேண்டில் இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கிறது. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும், சித்தப்பா தொடாமலே, யாரோ அரைக் கிளட்ச் பிடித்திருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான்.

நாற்பது வருஷம் ஆகப்போகிறது. இப்போது ஒயரே இல்லாமல் பிரேக் மாதிரி திரவத்தில் வேலை செய்கிற கிளட்ச்சுகள் வந்துவிட்டன; அவற்றில் பிளே தானே சரியாகிக்கொள்ளும். தெருவில் ஓடுகிற பெரும்பாலான பைக்குகளில் இன்னும் அதே ஒயர்தான், அதே இரண்டு வளையம்தான். புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரு வம்பு ஆயில். என்ஜின் ஆயிலிலேயே கிளட்ச்சும் ஊறுகிற பைக்குகளில், காருக்கான வழுவழுப்பு சேர்த்த ஆயிலை விலை ஜாஸ்தி, நல்லது என்று ஊற்றிவிட்டு, பிளே சரியாக இருந்தும் வழுக்குகிறதே என்று குழம்புகிறார்கள். டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். இன்னொன்று, லிவர் மேல் எந்நேரமும் இரண்டு விரலைப் போட்டுக்கொண்டு ஓட்டுகிற பழக்கம். அதற்கு எந்த அட்ஜஸ்டரும் கிடையாது. மாமா அப்படி ஓட்டி வருகிறவர்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "வர்றாரு பாரு, பிளேட் வாங்க" என்பார்.

நாலாவது நாள் சாயங்காலம் சித்தப்பா வந்தார். வண்டியில் உட்கார்ந்தார். முதலில் லிவரைத் தட்டினார். டக் டக்.

"என்ன மாப்ள, ஆடுது?"

"ஆடணும் மாப்ள. ஆடலேன்னாத்தான் நீங்க எங்கிட்ட வரணும்."

சித்தப்பா உதைத்தார். முதல் உதையிலேயே பிடித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் போகாமல் மலைப்பக்கமாகத் திருப்பினார். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் சத்தம் ஏறி, மாற்றும்போது இறங்கி, மறுபடி ஏறியது. நான் மண்ணெண்ணெய் டின்னோடு நின்று, வெறும் கூப்பாடு எங்காவது கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை. மாமா அதற்குள் வேறு வண்டிக்குக் கீழே போய்விட்டார்.

இருட்டுகிற நேரத்தில் கை கழுவச் சோப்புத்தூள் கொடுத்தார். கூடவே அந்த ஒரு ரூபாயையும் என் உள்ளங்கையில் வைத்து மூடினார். நாலு நாள் கூலியா, இல்லை வேறு எதற்காகவாவதா என்று சொல்லவில்லை. "நாளைக்கு வரணுமா மாமா?" என்றேன். "வேணாம். போய் வெளையாடு."

அந்த நாணயத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுத ஆசைதான். வீட்டுக்குப் போகிற வழியிலேயே சைக்கிளில் ஐஸ் பெட்டியோடு நின்றவரிடம் கொடுத்து இரண்டு சேமியா ஐஸ் கேட்டேன். அவர் நாணயத்தை வாங்கி மூக்குக்கிட்டே கொண்டுபோய், "என்னடா மண்ணெண்ண வாடை?" என்று முகம் சுளித்து, வேட்டியில் நாலு தேய் தேய்த்துவிட்டு டப்பாவுக்குள் போட்டார்.